கொடுத்த கையும் ஏந்திய கையும்

போரில் அகப்பட்ட பொதுமக்களுக்காகக் கொழும்பு மாநகரில் நிகழ்ந்த தொண்டு: ஒரு வரலாற்று நோக்கு

ஈகை நம்மவர்க்குப் புதிதன்று. வாழ்வை அறம், பொருள், இன்பம் என வகுத்த முன்னோர் அறத்தினுள்ளே ஈகைக்கென ஓர் அதிகாரமே அமைத்தனர். ஆயினும் ஈகையைப் பற்றிப் பேசும்பொழுது, கொடுப்போன் ஒருவன், கொள்வோன் மற்றொருவன் என இருவேறு மனிதரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பேசுகின்றோம். கொடுப்போன் மேட்டில் நிற்பதாகவும் கொள்வோன் பள்ளத்தில் நிற்பதாகவும் எண்ணிக்கொள்கின்றோம்.

கொழும்பு வாழ் தமிழ் மக்களின் கடந்த முக்கால் நூற்றாண்டுச் சரித்திரத்தை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பிழையென்பது புலனாகும். இந்நகரிலே இசைக்கச்சேரியும் நாட்டியமும் நடந்த மண்டபங்களின் தரையிலேதான் ஒரு காலம் நம்மவர் அகதிகளாய்ப் பாய் விரித்துப் படுத்தனர். சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றவரே பின்னர் வரிசையாய் ஆசனம் இட்டுப் பிறர்க்காக நிதி திரட்டினர். கொடுத்த கையும் ஏந்திய கையும் இங்கே ஒரே கைதான். அக்கதையை இளைஞர்க்கு எடுத்துரைப்பதும், மூத்தோர்க்கு நினைவூட்டுவதும், அதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கடமை யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழர் கண்ட நெறி

போர் என்பது வீரர்க்கு உரியது. வீரரல்லாதார் அதிலே அகப்படுதல் அறமன்று என்பது தமிழர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்த உண்மை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டிலே நெட்டிமையார் என்னும் புலவர் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் போர்முறையைப் புகழ்கின்றார். அம்பு விடுவதற்கு முன்னரே அம்மன்னன் பசுக்களுக்கும் அந்தணர்க்கும் பெண்டிர்க்கும் பிணியாளர்க்கும் புதல்வரைப் பெறாதார்க்கும் பாதுகாவலான இடம் தேடிக்கொள்ளுமாறு அறிவித்தான் என்பது அப்பாட்டின் பொருள். எல்லா அரசரும் அவ்வாறு நடந்தனர் என்று கொள்ளுதல் தகாது. எல்லாரும் நடந்திருப்பின் ஒருவனைத் தனித்தெடுத்துப் புகழவேண்டிய அவசியம் நேர்ந்திராது. ஆயினும் எது புகழத்தக்கது என்பதில் அக்காலத்துச் சான்றோர்க்கு ஐயமிருக்கவில்லை.

மணிமேகலைக் காப்பியமோ நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. மணிபல்லவத்திலே கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெற்றாள் மணிமேகலை. அம்மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கூறுவாரும் உளர். அப்பாத்திரம் கைக்கு வந்தபின் அவள் செய்வித்த செயலொன்று நம் பொருளுக்குப் பெரிதும் பொருந்துவது. மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். கட்டடம் அதேதான், சுவரும் அதேதான். மனிதர் மனம் மாறியபோது அதன் பயன் மாறிற்று. கொழும்பிலே நம் மண்டபங்களின் சரித்திரமும் இத்தகையதே.

தொண்டுக்கு வித்திட்ட ஆண்டு

1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். மறுநாள் அவர் ஆற்றிய பிரசங்கமே கீழைநாட்டில் அவர் நிகழ்த்திய முதற் பொதுப் பிரசங்கமாகும். அவ்வாண்டு மே மாதத்திலே கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. அதே மாதத்தில் சுவாமி அகண்டானந்தர் வங்காளத்து முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடியவர்க்கு உணவளிக்கும் பணியைத் தொடக்கினார். துறவி என்பான் குகையில் இருப்பவன் என்று எண்ணியிருந்த சமுதாயத்துக்கு, அரிசி மூட்டை சுமந்து கணக்கெழுதும் துறவியைக் காட்டிய ஆண்டு அது.

அவ்விதை கொழும்பிலும் முளைத்தது. 1902இல் விவேகானந்த சபை நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனையிலே விவேகானந்த மேடு என்னும் பெயரே இன்றும் அதனை நினைவூட்டி நிற்கின்றது. வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் நிலைகொண்டது. அது நிற்கும் வீதியும் அப்பெயரையே பெற்றது. 1942இலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. பட்டணத்து மக்கள் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்களுக்கு ஓடினர். வானத்திலிருந்து வரும் யுத்தம் எத்தகையது என்பதை இந்நகரம் முதன்முதல் அறிந்தது அன்றுதான். நகரம் அஞ்சி நடுங்கிய ஆண்டிலேயே மொழிக்கும் கலைக்கும் ஒரு சங்கம் எழுந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வமைப்புக்களோடு பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபம் முதலியனவும் சேர, கொட்டாஞ்சேனை தொடங்கி வெள்ளவத்தை வரை தமிழர் கூடும் இடங்கள் ஒரு மாலைபோல் அமைந்தன. நவராத்திரியும் குருபூசையும் அரங்கேற்றமும் விவாதமும் அங்கே நிகழ்ந்தன. அவை வேறொரு பணிக்கும் உரியனவாகும் என்று அவற்றைக் கட்டியவர் எண்ணியிருக்கமாட்டார்.

மண்டபம் அடைக்கலமான நாட்கள்

1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நாட்டிலே இனக்கலவரம் மூண்டது. மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பில் வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் றோயல் கல்லூரி முதலிய இடங்களில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் கப்பல்களிலே காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அரசாங்க உத்தியோகமும் சொந்த வீடும் உடையவராய் மேல்நாட்டு உடையில் நடமாடிய பலர், கட்டிய துணியோடு கப்பலேறினர். பிறரிடம் வாங்கி உண்ணுதல் எத்தகைய அநுபவம் என்பதை ஒரு தலைமுறை அப்பொழுது கற்றது.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் கலவரம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் வவுனியாப் பகுதியில் குடியேற முயன்றபோது, கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களுக்குத் துணைநின்றது. அவ்வைத்தியர் 1983ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையிலே கைதியாய் இருக்கையில் கொல்லப்பட்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. அகதிக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தவர்க்கு நாடு அளித்த முடிவு அது.

1983ஆம் ஆண்டு யூலை மாதத்தைப் பற்றி விரித்துரைத்தல் வேண்டா. 24ஆம் திகதி இரவு பொறளையில் பற்றிய நெருப்பு மறுநாள் கொழும்பெங்கும் பரவியது. வெள்ளவத்தையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன, கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி மீண்டும் முகாமாயிற்று. இரத்மலானை விமான நிலையத்தில், விமானம் நிறுத்தும் கொட்டகையில், பல்லாயிரவர் அடைக்கலம் புகுந்தனர். கோயில்களும் பாடசாலைகளும் கிறித்தவ தேவாலயங்களும் கதவு திறந்தன. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் தம் உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சாது தமிழரைத் தம் அறைகளில் மறைத்துக் காத்த செய்திகள் ஏராளம். பின்னர் லங்கா கல்யாணியும் இந்தியாவிலிருந்து வந்த சிதம்பரமும் மக்களை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறை சென்றன.

அந்நாட்களில் மண்டபத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாட்டியம் நடந்த மேடையிலே கைக்குழந்தைகளோடு தாய்மார். ஒரு குழாயடியிலே நூறு பேர். சமையலுக்கு விறகும் அரிசியும் எவர் கொண்டுவந்தார் என்று கேட்பாரில்லை, கேட்க நேரமுமில்லை. கொண்டுவந்த கையின் மதமும் மொழியும் எவருக்கும் பொருட்டாகத் தோன்றவில்லை. இந்நினைவை நாம் பேணிக்காத்தல் வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் நாம் கொடுக்கும் நிலைக்கு வந்தபொழுது எழுந்த பல வினாக்களுக்கு விடை அதிலேதான் இருக்கின்றது.

உதவி மாலை என்னும் வழக்கம்

துன்புற்றோர்க்காக ஒரு மாலைப்பொழுதைக் கலைநிகழ்ச்சியால் நிரப்பி நிதி திரட்டுதல் நம்மவரிடையே நன்கு வேரூன்றிய வழக்கம். அது நடைபெறும் முறையை இளைஞர் பலர் கண்டிருப்பர். இரு மாதங்களுக்கு முன்னரே மண்டபம் ஒழுங்குசெய்யப்படும். பற்றுச்சீட்டுப் புத்தகமும் பிரவேசச் சீட்டும் அச்சிடப்படும். செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் காலி வீதி வர்த்தக நிலையங்களிலும் விளம்பரம் வேண்டி நினைவு மலர்க் குழுவினர் ஏறி இறங்குவர். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே மாலைநேரங்களில் வாலிபர் இருவர் இருவராய்ச் சென்று வீடு வீடாகச் சீட்டு விற்பர். 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிச் சட்டத்தின்படி மாநகர சபையில் செய்யவேண்டியனவும் உண்டு. இவையெல்லாம் மேடைக்குத் தெரியாத வேலைகள். விழாவன்று கைதட்டல் பெறுவோர் வேறு. வியர்வை சிந்தியோர் வேறு.

மக்கள் அழும் நேரத்தில் ஆட்டமும் பாட்டமும் தகுமோ என்று பெரியோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. அதற்கு விடை நிகழ்ச்சியின் அமைப்பிலே உளது. தேவாரத்தோடு தொடங்கி, இறந்தோரை நினைந்து மௌனமாய் நின்று, எவர்க்காகக் கூடினோம் என்பதை ஒருவர் தெளிவாய் எடுத்துக்கூறியபின் பாடும் பாட்டு, களியாட்டம் ஆகாது, அது காணிக்கையாகும். கலைஞன் பணமாய்க் கொடுக்க இயலாததைத் தன் கலையாய்க் கொடுக்கின்றான். ஐந்து ரூபா கொடுக்கக்கூடியவனும் ஐயாயிரம் கொடுக்கக்கூடியவனும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். தனியாகக் கொடுத்திருப்பின் முன்னவன் வெட்கியிருப்பான், பின்னவன் செருக்குற்றிருப்பான். கூடிக் கொடுக்கையில் இரண்டும் இல்லை. உதவி மாலையின் சிறப்பு இதுவே.

யாருக்காக? 1919இல் இலண்டன் கேட்ட கேள்வி

இனி, நமது கொழும்பை விட்டுச் சற்றே உலகை நோக்குவோம். நம்முன் நிற்கும் மிகக் கடினமான வினா, ‘யாருக்காகத் திரட்டுவது?’ என்பது. இதனை நமக்கு முன்னரே எதிர்கொண்ட ஒரு கூட்டத்தின் கதை இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது.

முதலாம் உலக மகாயுத்தம் 1918 நவம்பரில் ஓய்ந்தது. ஆயினும் நேசநாடுகளின் கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் குழந்தைகள் பாலின்றி மெலிந்தனர். எக்லன்ரைன் ஜெப் என்னும் ஆங்கில மாது, பட்டினியால் வாடிய ஒஸ்திரியக் குழந்தையின் படம் பொறித்த துண்டுப்பிரசுரத்தை இலண்டன் வீதியிலே பகிர்ந்தார். தணிக்கையின்றிப் பிரசுரம் வெளியிட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. 5 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. வழக்கை நடத்திய அரசாங்க வழக்கறிஞரே அம்மாதுக்கு 5 பவுணை அளித்தார் என்றும், அதுவே நிதிக்குக் கிடைத்த முதற் கொடை என்றும் கூறுவர்.

1919ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே பெருங்கூட்டம் கூடிற்று. நேற்றுவரை பகைவராய் இருந்தோரின் பிள்ளைகளுக்குப் பாலா என்று சினந்து, மேடைமேல் எறிவதற்கு அழுகிய பழங்களோடு வந்தவரும் உளர் என்பர். பிள்ளைகளை இழந்த தாய்மாரும் கணவரை இழந்த மனைவியரும் நிறைந்திருந்த நகரம் அது. அவர்கள் சினத்தை அற்பமென்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. இருந்தும் அக்கூட்டத்திலேதான் சிறுவரைக் காக்கும் நிதியம் பிறந்தது. அம்மாது எழுதிய சிறுவர் உரிமைப் பிரகடனத்தைச் சர்வதேச சங்கம் 1924இல் ஏற்றுக்கொண்டது.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1859 யூன் 24ஆம் திகதி நடந்த சொல்பெரினோப் போரின்போதும் இத்தகையதொரு செயல் நிகழ்ந்தது. அயலிலுள்ள காஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் தம் தேவாலயத்தை மருத்துவமனையாக்கி, எந்நாட்டு வீரன் என்று பாராது காயமுற்றவர் எல்லார்க்கும் நீரூட்டினர். அதனைக் கண்ட ஹென்றி துனான் என்பாரின் முயற்சியால் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது. எனினும் போரில் அகப்படும் பொதுமக்களுக்கெனத் தனியான ஜெனீவா உடன்படிக்கை உருவாக 1949ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. நெட்டிமையார் கண்ட அறம் சட்டமாவதற்கு அத்துணை காலம் பிடித்தது.

கணக்கு: 1971இல் நியூயோர்க் கற்பித்த பாடம்

உலகிலேயே பெரும்புகழ் பெற்ற உதவி மாலை ஓர் இந்திய இசைஞரின் வேண்டுகோளால் நிகழ்ந்தது என்பதை இளைஞர் அறிதல் நன்று. 1971இலே கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடிவந்தனர். வங்காளத்துக் குடும்பத்திற் பிறந்த சித்தார் மேதை பண்டிட் ரவி சங்கர், தம் மாணவரும் நண்பருமான ஜோர்ஜ் ஹரிசனிடம் தம் துயரைக் கூறினார். அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி நியூயோர்க் நகரத்து மடிசன் சதுக்க மண்டபத்தில் இரு காட்சிகள் நடந்தன. ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். சித்தாரும் சரோட்டும் சுருதி சேர்த்து முடிந்ததும், அதுவே கச்சேரியென எண்ணிச் சபையோர் கைதட்டினர் என்பது இன்றும் சிரிப்போடு சொல்லப்படுவது.

நுழைவுச்சீட்டு மூலம் கிடைத்த 243,418 டொலர் 50 சதம் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்குச் சில நாட்களிலேயே சென்றடைந்தது. ஆயின் இசைத்தட்டு விற்பனையால் வந்த பெருந்தொகைக்கு நேர்ந்தது வேறு. தருமக் காரியத்துக்கான பதிவைக் கச்சேரிக்கு முன்னரே ஒழுங்காகச் செய்யாத காரணத்தால், அப்பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க வரித் திணைக்களத்தின் பிடியிலே பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. மனமும் புகழும் கலையும் இருந்தன. ஒரு பத்திரம் இல்லை. பட்டினி கிடக்கும் குழந்தை பத்திரத்துக்காகக் காத்திராது அன்றோ?

நம் சங்கங்கள் இதிலிருந்து கற்கவேண்டியது தெளிவு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு, பெற்றுக்கொண்டவர் இன்னார் என்னும் நான்கு வரிகளை ஒரு மாதத்துக்குள் பகிரங்கமாய் அறிவித்தல் வேண்டும். நினைவு மலரின் வண்ண அட்டைக்கும் விருந்தினர் சிற்றுண்டிக்கும் திரட்டிய பணத்தில் பாதி சென்றதெனின், அம்மாலை துன்புற்றோர்க்காக நடந்ததென்று சொல்வது பொருந்தாது. கணக்கு நேர்மையாயின் அடுத்த முறை கதவைத் தட்டும் வாலிபனுக்கு வீட்டார் மகிழ்ச்சியோடு கதவைத் திறப்பர்.

சேர்த்தது சென்று சேரவேண்டும்

திரட்டுதல் பாதி; சேர்ப்பித்தல் மறுபாதி. 1987 யூன் 3ஆம் திகதி யாழ்ப்பாண மக்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றி இராமேசுவரத்திலிருந்து புறப்பட்ட படகுகள் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையால் திருப்பப்பட்டன; மறுநாள் இந்திய விமானங்கள் வானிலிருந்து பொதிகளைப் போட்டன. 2009இலே புலம்பெயர்ந்த தமிழர் திரட்டிய 884 தொன் பொருளோடு வந்த ‘வணங்காமண்’ கப்பலும் யூன் மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டது. அப்பொருட்கள் சென்னையில் இறக்கப்பட்டு வேறு கப்பலில் கொழும்பு வந்தபின்னரும் துறைமுகத்திலே நெடுநாள் தேங்கின. அவ்வேளையில் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறத்தாழ 280,000 மக்கள் முட்கம்பிக்குள் இருந்தனர். தூரத்துக் கப்பலை விட அருகிலுள்ளவன் கொண்டுசெல்லும் ஒரு மூட்டை விரைவில் வாய்க்கு எட்டும். கொழும்பிலுள்ள நமக்கு இது ஒரு வாய்ப்பு மட்டுமன்று, பொறுப்புமாகும்.

கொழும்பிலும் துன்புற்றோர் தூரத்தில் இருந்தாரல்லர். யுத்த காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியோரை நாம் அறிவோம். 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையில் அவ்விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. நிவாரணம் என்பது தொலைவுக்கு அனுப்பும் பொதி மாத்திரமன்று. பக்கத்து அறையில் இருப்பவனுக்கு ஆதரவாய் நிற்பதுமாகும்.

ஒரே திகதி, இரு பயணங்கள்

இனி, மூத்தோரும் இளையோரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய ஒன்றைக் கூறுவேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்த கதையை நாம் ஒவ்வோராண்டும் நினைகின்றோம். முதியோரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளியதும், மழைநீரைக் குடையில் ஏந்திக் குடித்ததும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவன.

அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இரண்டு மணி நேர அவகாசமே அளிக்கப்பட்டது. நகையும் பணமும் வாசலில் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்துக் கொட்டில்களில் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். தமிழ் பேசும் மக்கள் அவர்கள். நம் தெருவில் தையற்கடையும் இரும்புக்கடையும் நடத்தியவர்கள். நம் திருமணங்களுக்கு வந்து வாழ்த்தியவர்கள்.

1990ஆம் ஆண்டை நாம் எத்தனை முறை நினைந்தோம்? அந்நாளுக்காக எத்தனை மண்டபங்களில் விளக்கேற்றினோம்? இவ்வினாவை எவரையும் குற்றஞ்சாட்டும் நோக்கத்தோடு எழுப்பவில்லை. அச்சமும் துயரும் நிறைந்த காலத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் காயத்தையே முதலில் தடவிப் பார்க்கும். அது மனித இயல்பு. ஆயினும் அல்பேட் மண்டபத்தில் கூடியோர் அவ்வியல்பைக் கடந்தனர். காஸ்திலியோனேப் பெண்கள் கடந்தனர். 1983இலே நம்மை மறைத்துக் காத்த சிங்கள அயலவர் கடந்தனர். நம்மால் மாத்திரம் ஏன் இயலாது?

கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். பொன்னம்பலவாணேசரின் கருங்கற் கோயிலும், சாந்த லூசியா பேராலயமும், தீபதுத்தாராமய விகாரையும், பள்ளிவாசல்களும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அங்கே பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டனர். அதே கொட்டாஞ்சேனையில் 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று புனித அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தபோது, அவ்வாலயத்துக்கு வந்திருந்தோரில் தமிழர் பலர். காயமுற்றோர்க்கு இரத்தம் கொடுக்க நகரத்து மக்கள் திரண்டு நின்றனர். இரத்தம் கொடுப்பவன் அது எவர் உடம்பிற் சேரும் என்று கேட்பதில்லை. இரத்த வகை ஒன்றையே வைத்தியர் கேட்கின்றார். பொருளுதவிக்கும் அந்த நியாயமே பொருந்தும்.

நம் நாட்டின் எல்லைக்கு வெளியே நிகழும் யுத்தங்களுக்கும் இது பொருந்துவதே. 2024ஆம் ஆண்டு, காசாவின் சிறுவர்க்கென இலங்கை அரசாங்கம் தொடங்கிய நிதியிலிருந்து 10 இலட்சம் அமெரிக்க டொலர் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் வாயிலாக அனுப்பப்பட்டது. அமைச்சுக்களின் இப்தார் விருந்துக்கு ஒதுக்கிய பணமும் அந்நிதியிற் சேர்ந்தது. தானே பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த நாடு கொடுத்த தொகை அது. விருந்தைத் தவிர்த்துக் கொடுத்த கொடைக்குத் தனிச் சுவை உண்டு.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த வாலிபர்களே! அடுத்த உதவி மாலையை ஒழுங்குசெய்யக் குழு கூடும்பொழுது மூன்று செய்திகளை முதற்கண் தீர்மானியுங்கள். யாருக்காக என்னும் கேள்விக்கு ‘நம்மவர்க்கு’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். ‘அகப்பட்டவர்க்கு’ என்று எழுதுங்கள். நம்மவரும் அதற்குள் அடங்குவர். கணக்கை எப்பொழுது, எங்கே அறிவிப்போம் என்பதைச் சீட்டின் பின்புறத்திலேயே அச்சிடுங்கள். பெறுவோரை மேடையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 1983இலே சோற்றுப் பொட்டலம் வாங்கியபொழுது எவரேனும் நம் தாயை அவ்வாறு நிறுத்திப் படம் எடுத்திருப்பின் நாம் எவ்வாறு உணர்ந்திருப்போம் என்று ஒருகணம் எண்ணுங்கள். அதன்பின் வேறு விதி வேண்டியதில்லை.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுதல். அம்முகாம்களில் இருந்தவர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மண்டபத்தின் எம்மூலையில் எக்குடும்பம் படுத்திருந்தது, எவர் பாற்சுண்டல் கொண்டுவந்தார், எந்த அயலவர் கதவு திறந்தார் என்னும் செய்திகள் உங்கள் நெஞ்சிலே இருக்கின்றன. அவற்றை இளையவர்க்குச் சொல்லுங்கள். இயன்றால் எழுதி வையுங்கள். கதிரை அடுக்கும் வாலிபன், தான் கதிரை அடுக்கும் இடத்தில் ஒருநாள் தன் பாட்டி பாய் விரித்திருந்தாள் என்று அறிவானாயின், அவன் திரட்டும் பணத்திலே செருக்குக் கலவாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கின்றோம் என்னும் பணிவே கலந்திருக்கும்.

சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது பழங்கதை. நம் மண்டபங்கள் அடைக்கலமானது நம் கண்ணெதிரே நடந்த கதை. அவை என்றென்றும் அறக்கோட்டங்களாய் நிலைபெறத் திருவருள் துணைநிற்பதாக.